காந்தியடிகளும் நாச்சுவையும்

புறத்தவம் ஆறு என்பது நம்மனோர் அறிந்ததே. உண்ணாநோன்பு முதலாவது. வயிறு நிறையுமுன் கையை எடுத்துக்கொள்ளும் அவமோதரியம் இரண்டாவது. இன்னின்னவாறு கிடைத்தாலே உண்பேன் என வரையறுத்துக்கொள்வது மூன்றாவது. பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் சுவைப்பொருள்களைத் துறக்கும் ரச பரித்யாகம் நான்காவதாகவே வருகிறது. முழுப் பட்டினியைவிட ஓர் இனிப்பை விடுவது எளிதன்றோ, அதனை ஏன் அடுத்தடுத்த படியில் வைத்தனர் என்று இளையோர் கேட்பதுண்டு. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருந்து பழகியவர்கள் அப்படிக் கேட்பதில்லை. ஒருநாள் முழுவதும் நீரும் பருகாமல் இருக்க வல்லவர், மறுநாள் பாரணையின்போது இரண்டாவது கிண்ணம் பாயசத்தை வேண்டா என்று சொல்ல வல்லவராக இருப்பதில்லை.

இக்காலத்தில் இது தவசிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பாகூர்ப் பகுதியைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். சொர்ணவாரி, சம்பா, நவரை என ஏரிப்பாசனத்தில் நெல் விளையும் மண் அது. வில்லியனூர்ப் பக்கமும் அவ்வாறே. காலையில் இட்டலி, நண்பகலில் சோறு, மாலையில் மீண்டும் தோசை என மூவேளையும் அரிசியே உருமாறி வருகிற வீடுகள் இவ்வூர்களில் மிகுதி. அத்தகைய வீடுகளில் நீரிழிவு புகுந்துவிட்டது. மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். வீட்டுப் பெரியவரும் குறைத்துவிடுகிறார். ஆனால் நான்கு மணிக்குத் தேநீரோடு முறுக்கும், ரொட்டித் துண்டும், பிஸ்கட்டும் உள்ளே போகின்றன. குறைத்த சோறு வேறு வாயிலாக வந்து சேர்ந்துவிடுகிறது. இதற்கு மனவலிமை இன்மையே காரணம் என்று பிள்ளைகள் கடிந்துகொள்கிறார்கள். மனவலிமைக்கு உலகமே எடுத்துக்காட்டாகக் கூறும் ஒருவர் இதே இடத்தில் என்ன பாடுபட்டார் என்பதை அவர்கள் அறிந்தால் சற்றுப் பொறுமையோடு பேசுவார்கள். அதற்காகவே காந்தியடிகளின் வரலாற்றை இம்முறை உணவு ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு எழுதலானேன்.

அடிகள் 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் வைணவ வணிகர் குடியில் பிறந்தார். ஆயினும் குஜராத்தின் அப்பகுதியில் ஜைன மணம் எங்கும் கமழ்ந்தது. அவர் இல்லத்துக்கு ஜைன முனிவர்கள் வருவதும், தந்தையார் கரம்சந்திடம் அறம் பேசுவதும், சில வேளைகளில் உணவு ஏற்பதும் வழக்கம். தாயார் புத்லிபாய் நோன்பே வாழ்வாகக் கொண்டவர். ஒருமுறை மழைக்காலத்துச் சாதுர்மாசத்தில் கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என நோன்பு பூண்டார். பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தையே பார்த்திருப்பார்கள். மேகம் விலகிக் கதிரவன் தோன்றியதும் ஓடிச்சென்று தாயை அழைப்பார்கள். அவர் வெளியே வருவதற்குள் கதிரவன் மறைந்துவிட்டால், முகம் வாடாமல் வேலைக்குத் திரும்பிவிடுவாராம். பட்டினியைத் துயரமாகக் காட்டாத அந்தத் தாயின் முகமே மகனுக்கு முதற்பாடம்.

பதின்பருவத்தில் நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகச் சில முறை புலால் உண்டதும், பெற்றோரிடம் பொய்சொல்ல நேர்வதைப் பொறாமல் அதனை விட்டதும் பலரும் படித்தவையே. 1888-இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விரும்பியபோது தாயார் அஞ்சினார். அவ்வச்சத்தைத் தீர்த்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவி. அவர் முன்னாளில் காந்தியின் மோத் வணிகர் குலத்தவர். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்ற உறுதிமொழியை இளைஞர் அவர்முன் ஏற்ற பின்னரே தாயார் விடைகொடுத்தார். அடிகளின் விரத வாழ்வு ஒரு ஜைனத் துறவியின் கையால் தொடங்கியது என்பதில் நாம் மகிழலாம்.

கப்பலில் அவரைக் காத்தவை வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்புகளும் பழங்களும். இலண்டனில் அவை தீர்ந்தன. காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பும். நண்பகலிலும் இரவிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகுமே கிடைக்கும். நன்றாக உண்ணும் இளம்வயிறு அவருடையது. இருப்பினும் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்குமேல் கேட்க வெட்கம். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகத்தைத் தேடினார். வழியில் மலிவான கடையில் புகுந்து வயிறு கொண்டமட்டும் ரொட்டி தின்பார். வயிறு நிரம்பும், நிறைவு வராது. இந்த இடத்தைப் பாகூர்ப் பெரியவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பருப்பும் காயும் கொழுப்பும் இன்றி மாவுச்சத்தை மட்டும் எவ்வளவு உண்டாலும், அது விரைந்து செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது, பின் இறங்குகிறது, மறுபடி பசி எடுக்கிறது. அந்த இளைஞரின் பசிக்குக் காரணம் பேராசையன்று, தட்டில் இருந்த குறையே.

ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். இலண்டனுக்கு வந்தபின் முதன்முதலாக மனமார உண்டது அன்றுதான். அதுவரை தாய்க்குக் கொடுத்த சொல்லுக்காகப் புலால் மறுத்தவர், அந்நூலைப் படித்தபின் தம் விருப்பத்தினாலேயே மறுத்தார். சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இடம்பெற்றார்.

அதன்பின் தொடங்கின அவருடைய சோதனைகள். ஊரிலிருந்து இனிப்புகளும் மசாலாப் பொருள்களும் வருவதை நிறுத்தினார். மசாலை இல்லாமல் அவித்த கீரை, முன்பு சப்பென்று இருந்தது, இப்போது சுவைத்தது. சுவையின் இருப்பிடம் நாக்கன்று, மனமே என்ற முடிவுக்கு அப்போது வந்தார். அக்காலத்துச் சைவ உணவுச் சீர்திருத்தக்காரரிடையே மாவுச்சத்தே கூடாது என்று சொல்லும் கட்சி ஒன்று இருந்தது. இன்று மாவுச்சத்துக் குறைந்த உணவு எனப் பேசப்படுவது புதிதன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இலண்டனில் அதற்கு ஆதரவாளர் இருந்தனர். அடிகள் அதையும் செய்து பார்த்தார். சிறிது காலம் மாவுப்பொருளை விட்டார். வேறொரு சமயம் ரொட்டியும் பழமும் மட்டும். பின்னொரு முறை பாலாடைக்கட்டி, பால், முட்டை மட்டும். இந்த மூன்றாவது சோதனை இரண்டு வாரமும் நிலைக்கவில்லை. முட்டை புலாலன்று என அச்சீர்திருத்தக்காரர் வாதிட்டதை நம்பி உண்டவர், தம் தாயார் புலால் என்று கருதியதில் முட்டையும் அடங்கும் என்பதை எண்ணியதும் கைவிட்டார். முட்டை கலந்த புட்டும் கேக்கும்கூட அதன்பின் கூடா. உணவகத்தில் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டறிந்தே உண்டார்.

இந்தச் சோதனைகள் யாவும் நோய் நீக்கவும், செலவு குறைக்கவும் செய்தவை. ஆன்மிகம் இன்னும் வரவில்லை. கடைசியில் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் அவர் நிலையாக வாழ்ந்தது எளிய ஓட்ஸ் கஞ்சி, கோகோ, ரொட்டி, உணவகத்தில் ஒருவேளைச் சாப்பாடு ஆகியவற்றால். கடுஞ்சோதனைகள் போயின, எளிய ஒழுங்கு நின்றது. இது அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப நிகழக் காண்கிறோம்.

1891-இல் வழக்கறிஞராகி மும்பை திரும்பிய அன்றே தாயார் மறைந்த செய்தியைக் கேட்டார். அந்நாள்களிலேயே டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் ராய்சந்த்பாயைச் சந்தித்தார். அவரே நாம் போற்றும் ஸ்ரீமத் ராஜசந்திரர். அவர் 1867-இல் பிறந்தவர், அடிகளைவிட ஈராண்டே மூத்தவர், முத்தும் வைரமும் விற்கும் வணிகர். கணக்குப் புத்தகத்தை மூடியதும் ஆன்மநூலைத் திறப்பவர் என்று அடிகள் வியந்திருக்கிறார். 1894-இல் தென்னாப்பிரிக்காவில் சமயக் குழப்பம் நேர்ந்தபோது இருபத்தேழு கேள்விகளை எழுதி அனுப்பியது அவருக்கே. ராஜசந்திரர் 1901-இல் முப்பத்து மூன்று வயதில் ராஜ்கோட்டில் மறைந்தார். உணவு புலன்களை எவ்வாறு தூண்டுகிறது என்ற சிந்தனையை, சிறப்பாகப் பால் பற்றிய ஐயத்தை, அடிகளின் மனத்தில் விதைத்தவர் அவரே. விதை முளைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இடையில் 1893-இல் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவை மட்டும் உண்ணும் சோதனை ஒன்றும் நடந்தது. ஊறவைத்த கோதுமை, பட்டாணி, கொட்டைகள், பழங்கள். பசியும் சோர்வும் விடாமல் துரத்தவே விரைவில் கைவிட்டார். ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞராக நன்றாகப் பொருளீட்டிய காலத்தில் அவர் மூன்று வேளை வயிறார உண்டதோடு மாலைத் தேநீரும் சிற்றுண்டியும் கொண்டார். தலைவலியும் மலச்சிக்கலும் வந்தன. மான்செஸ்டரில் காலையுணவு உண்ணாதோர் சங்கம் ஒன்று இருப்பதைப் படித்து, காலையுணவை விட்டார். தலைவலி நின்றது. தேவைக்கு மிகுதியாக உண்டுவந்ததை அதன்மூலம் உணர்ந்தார். இதனை யாவரும் பின்பற்றலாம் என்று நான் எழுதமாட்டேன். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் காலையுணவைத் தாமாக விட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். விரத நாளாயினும் மருத்துவரைக் கேட்டே மருந்தளவை மாற்ற வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த இன்னொன்று இல்லறத்தார் யாவரும் அறியத்தக்கது. கஸ்தூரிபாவுக்கு உதிரப்போக்கு நோய். அறுவைக்குப் பின்னும் அது திரும்பியது. உப்பையும் பருப்பையும் விட்டுப்பார் என்று அடிகள் கெஞ்சினார், நூல்களைச் சான்று காட்டினார். அம்மையார் இசையவில்லை. மருத்துவர் சொன்னால் நீங்கள்கூட அவற்றை விடமாட்டீர்கள் என்று ஒருநாள் கூறிவிட்டார். அடிகள் அப்போதே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஓராண்டு விடுகிறேன் என்றார். அம்மையார் பதறி, தாம் விட்டுவிடுவதாகவும், அவர் அவ்விரதத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்றும் கண்ணீரோடு வேண்டினார். அடிகள் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அம்மையார் நலம்பெற்றார். உப்பும் பருப்பும் விட்டதே காரணம் என இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு. அம்மையாரின் கண்ணீரை நினைக்கும்போது கணவரின் பிடிவாதத்தை முழுமனத்தோடு பாராட்டவும் எனக்கு இயலவில்லை. ஆனால் ஓர் உண்மை இதில் உண்டு. வீட்டில் ஒருவர் மட்டும் விட, மற்றவர் அவர் எதிரில் உண்டுகொண்டிருந்தால் அவ்விரதம் நிற்காது. சர்க்கரை நோயுள்ள மாமியாருக்குத் தனித்தட்டும், மற்றவர்க்கு மைசூர்ப்பாகும் வைக்கும் வீடுகளில் நடப்பது என்ன என்பதை நாம் அறிவோம்.

இங்கே நம் நூல்கள் வகுத்த ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். சமந்தபத்திராசாரியரின் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் போகோபபோக பரிமாண விரதம் கூறப்படுகிறது. அருங்கலச்செப்பு வழியாகத் தமிழறிந்தோருக்கும் அது பழக்கமானதே. உண்பனவற்றையும் நுகர்வனவற்றையும் அளவுபடுத்துதல் அவ்விரதம். வாழ்நாள் முழுவதற்கும் விடுவது யமம். ஒருநாள், ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் காலவரையறையோடு விடுவது நியமம். இல்லறத்தார்க்கு இரண்டும் வைத்தது ஆசாரியர்களின் நுண்ணறிவு. அடிகள் உப்பு விட்டது நியமம். ஓராண்டு என்று தொடங்கி அதற்குமேலும் நெடுங்காலம் இலகுவாக நடந்தது. பால் விட்டதோ யமம். அது பட்ட பாடு வேறு.

1910-இல் கல்லன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர் அளித்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. 1912-இல் அங்கே அடிகளும் கல்லன்பாக்கும் பாலை விட்டனர். ராஜசந்திரர் இட்ட விதையோடு, கல்கத்தாவில் பசுக்களிடம் பால் கறக்கச் செய்யும் கொடுமைகளைப் பற்றிப் படித்ததும் சேர்ந்தது. அதன்பின் தானியமும் நீங்கிற்று. பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே உணவு. சோறும் ரொட்டியும் இல்லாத இவ்வுணவு மாவுச்சத்தை ஒழித்துவிட்டதாகத் தோன்றும். அப்படியன்று. உலர்ந்த பேரீச்சையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சர்க்கரையே. தானியம் வாசல்வழி போயிற்று, இனிப்பு கொல்லைவழி வந்தது. அவரைத் தாங்கியது வேர்க்கடலை. நூறு கிராம் கடலையில் இருபத்தைந்து கிராம் புரதமும், ஏறத்தாழப் பாதியளவு கொழுப்பும் உண்டு. ஆகவே பசி கட்டுக்குள் நின்றது. வேர்க்கடலை மண்ணுக்குள் விளைவதால் கந்தமூலமா என்று நம்மவரிடையே கேள்வி எழுவதுண்டு. அது கிழங்கன்று, பூவின் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்த்த விதை. ஆதலின் உலர்ந்தபின் கொள்வோர் பலர்.

1915 ஜனவரியில் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு ஹரித்வாரில் கும்பமேளா. தமக்காக விருந்தளிப்போர் பலவகைப் பண்டங்கள் செய்து பொருளை இறைப்பது கண்டு வருந்தி, அங்கே இரண்டு விரதம் பூண்டார். இருபத்து நான்கு மணி நேரத்தில் ஐந்து பொருளுக்குமேல் உண்பதில்லை. இருட்டியபின் உண்பதில்லை. நோயுற்றாலும் விலக்கு இல்லை. இரண்டாவது நம் இரவுண்ணாமையே. முதலாவது பரிமாணம். எந்தப் பண்டத்தையும் அது பகைக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் கட்டியது. அடிகள் மேற்கொண்ட விரதங்களுள் அவரை அலைக்கழிக்காமல் இறுதிவரை உடன்வந்தவை இவ்விரண்டே என்பது என் எண்ணம். பலவகைப் பண்டம் எதிரில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சிறிது என்று மிகுதியாக உண்டுவிடுகிறோம். வகை குறைந்தால் அளவும் குறைகிறது. மாலையோடு சமையலறை அடைபட்டால், இரவில் தொலைக்காட்சியின்முன் தின்னும் வழக்கத்துக்கு இடமே இல்லை. அவ்வாண்டு மே 25 அன்று கோச்ரபில் நிறுவிய ஆசிரமத்தின் விரதங்களுள் அஸ்வாதம், அதாவது நாவைக் கட்டுதல், ஒன்றாக வைக்கப்பட்டது.

இனி 1918. அடிகளுக்கு வயது நாற்பத்தொன்பது நெருங்குகிறது. கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள்சேர்க்கும் பணி. அலைச்சல். உணவு பெரும்பாலும் அரைத்த வேர்க்கடலையும் எலுமிச்சையும். அளவுமீறிக் கடலை உண்டதால் இலேசான வயிற்றுக்கடுப்பு வந்தது. ஆசிரமத்துக்கு வந்து ஒருவேளை பட்டினி போட்டால் சரியாகும் என்று காலையுணவை விட்டார். நண்பகலிலும் ஒன்றும் வேண்டா என்று கஸ்தூரிபாவிடம் கூறிவைத்தார். அன்று ஏதோ பண்டிகை. அம்மையார் அவர் விரதம் கெடாதபடி, நெய்க்குப் பதில் எண்ணெய் வார்த்து இனிப்புக் கோதுமைக் கஞ்சி காய்ச்சியிருந்தார். ஒரு கிண்ணம் பாசிப்பயறும் எடுத்துவைத்திருந்தார். இரண்டும் அவருக்கு மிகவும் பிடித்தவை. சிறிது உண்டால் மனைவி மகிழ்வாள், நாவும் அடங்கும் என்று அமர்ந்தார். சிறிதோடு நிற்கவில்லை. வயிறு நிறைய உண்டார். ஒரு மணி நேரத்துக்குள் கடுப்பு முற்றியது. அன்று மாலையே நடியாத் செல்ல வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபின் படுத்தவர் எழ இயலவில்லை. அகமதாபாத் ஆலையதிபரும் ஜைனருமான அம்பாலால் சாராபாய் தம் மாளிகைக்குக் கொணர்ந்து பேணினார். காய்ச்சலும் சோர்வும் வளர்ந்து, தம் இறுதி வந்துவிட்டது என அடிகளே எண்ணிய இரவுகள் அவை.

இவ்வளவையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்தார். வேறு யார் எழுதியிருப்பார்? ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர் ஒரு கிண்ணம் இனிப்புக் கஞ்சியிடம் தோற்ற செய்தி அது. அதனை ஒழுக்கத் தவறாக மட்டும் பார்த்தால் பயன் குறைவு. அன்று நிகழ்ந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மிகவும் பிடித்த தானியமும் இனிப்பும், அன்று காலை பட்டினி, உடல் நலிவு, வேலைக் களைப்பு, பண்டிகை மணம், அன்புள்ளவர் கையால் பரிமாறல். இத்தனையும் ஒருங்கே கூடும் வேளையில் எந்த நாவும் சிறிதோடு நில்லாது. வில்லியனூரில் நண்பகல் சோற்றை அறவே விட்ட அம்மையார் ஒருவர் மாலையில் பேத்தியின் பிறந்தநாள் இனிப்பில் நான்கு எடுத்து உண்பதும் இதே வகையே. குறைத்தது பிழையன்று. வெற்று வயிறோடு நாவைப் போருக்கு அனுப்பியதே பிழை. ஆசை எழும் வேளையை முன்கூட்டி அறிந்து, அதற்கு முன்னரே சுண்டலோ, பாசிப்பயறோ, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ, மோரோ உண்டிருந்தால் அந்த நான்கு ஒன்றாகியிருக்கும். தட்டில் முதலில் காயும் பருப்பும் உண்டு, பின்னரே சோற்றுக்கு வந்தால் இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும் என்பது இன்று ஆய்வுகளால் நிறுவப்பட்டதே. நம் பந்தியில் இலையின் மேற்பகுதியில் கூட்டும் பொரியலும் முதலில் வைக்கிறோம். சோறு விழுந்தபின்னரே கை வைக்கிறோம்.

நோய் நீங்கியும் உடல் தேறவில்லை. பால் குடித்தாலன்றி உடல் தேறாது என்று டாக்டர் தலால் கூறினார். விரதம் இருக்கிறதே என்றபோது, விரதம் பசுப்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பால் ஆகுமே என்று கஸ்தூரிபா இடைபுகுந்தார். 1919 தொடக்கத்தில் அடிகள் ஆட்டுப்பால் பருகினார். சொல் காக்கப்பட்டது, உட்பொருள் தவறியது என்று அவர் பின்னும் வருந்திக்கொண்டே இருந்தார். யமம் பூணுமுன் பன்முறை எண்ணவேண்டும் என்று முன்னோர் வைத்ததன் காரணம் இங்கே விளங்கும். 1929-இல் சமைக்காத தானிய உணவைத் தோழர்களோடு மீண்டும் முயன்று, வயிற்றுக்கடுப்பு வரவே அதையும் விட்டார். அத்துடன் கடுஞ்சோதனைகளின் காலம் ஏறத்தாழ முடிந்தது எனலாம்.

1934 பிப்ரவரி 17 அன்று ஹரிஜன யாத்திரையின்போது அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் உருவாயிற்று. அதனை நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆலையில் தீட்டிய வெள்ளரிசி வேண்டா, கைக்குத்தல் அரிசி உண்ணுங்கள், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் கொள்ளுங்கள் என்று இருவரும் ஓயாமல் எழுதினர். தவிட்டோடு உயிர்ச்சத்தும் நாரும் போய்விடுகின்றன என்பது மெய்யே. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, கைக்குத்தல் அரிசியாயின் எவ்வளவும் உண்ணலாம், வெல்லமாயின் நீரிழிவுக்கு ஆகும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. வெல்லமும் சர்க்கரையே. அரிசி எந்நிறமாயினும் அளவு வேண்டும்.

அளவை அடிகளே பின்னாளில் எழுதிவைத்தார். 1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். உட்கார்ந்து வேலை செய்வோருக்கு நாள் முழுவதற்கும் அவர் கூறியது: பால் 2 பவுண்டு, தானியம் எல்லாம் சேர்த்து 6 அவுன்சு, கீரை 3, பிற காய் 5, பச்சையாக உண்ணும் காய் 1 அவுன்சு, நெய் ஒன்றரை அவுன்சு, வெல்லமோ சர்க்கரையோ ஒன்றரை அவுன்சு, பழம் விருப்பத்துக்கும் பொருள்நிலைக்கும் ஏற்ப. 6 அவுன்சு என்பது ஏறத்தாழ 170 கிராம். காயும் கீரையும் சேர்ந்து 255 கிராம். தானியத்தினும் காய் ஒன்றரை மடங்கு! நம் இலையில் இது தலைகீழ். இளமையில் மாவுச்சத்தை முற்றாக விட்டுப்பார்த்தவர், நடுவயதில் தானியத்தைத் துறந்தவர், எழுபத்து மூன்றாம் வயதில் எழுதியது தானியம் இத்தனை, இனிப்பு இத்தனை என்ற அளவே. வெல்லத்துக்கும் ஓர் இடம் வைத்தார் பாருங்கள். ஆடவர்க்கு முப்பத்திரண்டு கவளம், மகளிர்க்கு இருபத்தெட்டு, அதனினும் குறைத்து உண்பதே அவமோதரியம் என்று கணக்கு வைத்த நம் நூல்களின் வழிக்கே அவர் வந்து சேர்ந்தார். நீரிழிவு உள்ளவர்க்கு அவர் வைத்த இனிப்பளவு ஆகாது. பருப்பு மிகுதியாக வேண்டும். அவை மருத்துவர் சொற்படி.

மாவுப்பொருளை உலர்ந்த நிலையில் நன்றாக மென்று உண்ண வேண்டும், கஞ்சியாகவும் குழைத்தும் விழுங்கலாகாது என்றும் அந்நூலில் வற்புறுத்தினார். பல்லில்லாத வயதில் அதை அவர் எழுதினார் என்பது எனக்குச் சற்று நகைப்பைத் தருகிறது.

நாம் கிழங்குகளை விலக்குகிறோம். உருளையும் சேனையும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நம் தட்டில் இல்லை என்பது உயிரிரக்கத்தால் வந்த பெருமை. ஆனால் அவ்விடத்தை அரிசியும் மைதாவும் பிடித்துக்கொள்ள விட்டோமாயின் உடலுக்கு அதனால் ஊதியம் இல்லை. பாகூர் வட்டாரத்து மண்ணிலேயே உளுந்தும் பயறும் விளைகின்றன. அவரை, புடலை, பீர்க்கு, வெண்டை, முருங்கைக்கீரை எல்லாம் கொல்லையில் கிடைக்கின்றன. இரவுண்ணாமை நமக்கு வாய்த்த கொடை. அதை மேற்கொள்வோர் மாலை ஐந்து, ஆறு மணிக்கு உண்ணும் அவ்வுணவில் பயறும் காயும் முன்னிற்கச் செய்தால், இரவின் இனிப்பாசை பெரும்பாலும் தலையெடுப்பதில்லை.

கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22 அன்று அதே ஆகாகான் மாளிகையில் அடிகளின் மடியில் தலைவைத்து உயிர்நீத்தார். பண்டிகைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கையும், ஆட்டுப்பால் பருகச் சொன்ன வாயும் ஓய்ந்தன. அடிகள் விடுதலை பெற்று, நவகாளியிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் கலவரத் தீயின் நடுவே நடந்தார். கடைசி உண்ணாநோன்பு 1948 ஜனவரி 13 அன்று தொடங்கி 18 அன்று முடிந்தது.

ஜனவரி 30 அன்று மாலை நாலரை மணி. உறவுமுறைப் பேரனின் மனைவி ஆபா உணவைக் கொண்டுவந்தார். ஆட்டுப்பால், வெந்த காய்கள், பச்சைக் காய்கள், ஆரஞ்சுப் பழம். அவற்றோடு இஞ்சியும் எலுமிச்சையும் உருக்கிய வெண்ணெயும் கற்றாழைச் சாறும் சேர்ந்த ஒரு கலவை. பச்சை இஞ்சியை விலக்கும் நம்மவர் அதனைக் கவனிக்காமல் விடமாட்டார்கள், போகட்டும். தானியம் அன்று இல்லை, இனிப்புப் பண்டமும் இல்லை, கதிரவன் மறையவும் இன்னும் நேரம் இருந்தது. வல்லபபாய் படேலோடு பேசிக்கொண்டே உண்டு முடித்தார். பேச்சு நீண்டதால் வழிபாட்டுக்குச் சில நிமிடம் தாமதமாயிற்று. ஆபாவும் மனுவும் இருபுறமும் வர, அவர்கள் தோள்மீது கைவைத்து, விரைந்த நடையில் தோட்டத்தின் குறுக்கே வழிபாட்டுத் திடலுக்குப் புறப்பட்டார்.